ஆறு மாசம் ஓடின பம்ப்

– மூக்கப் பொத்திட்டு நின்னா எப்படிடா? கைய மீன் தொட்டிக்குள்ள விடு.

– க்ளவுஸ் ஏதாவது இருக்காக்கா?

– எதுக்கு? வெறுங்கைய விட்டு அலசிக் காட்டித்தானே வீடியோ போட்ட. "பாருங்க நண்பர்களே, பளிங்கு மாதிரி தண்ணி"ன்னு. இப்பவும் விடு.

– சீ... என்னக்கா இது, கொழகொழன்னு கையோட வருது!

– பவளம். போன புதன்கிழமை வரைக்கும் பச்சைப் பசேல்னு ஆடிட்டு இருந்துச்சு. முப்பது தலை. வாங்கிட்டு வரும்போது ரெண்டே ரெண்டு தலைதான். ஒம்பது வருஷம் ஆச்சு முப்பதாக. நாலு நாள்ல சளியாப் போச்சு. அந்தத் தட்டுல போடு. தரையில சிந்தாத, தொடைக்கப் போறது நான்தான்.

– அழுகின முட்டை மாதிரி அடிக்குது.

– உனக்கு இப்பதான் அடிக்குது. எங்களுக்கு நாலு நாளா அடிக்குது. லேப்ல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஊரான் மூத்திரத்தையும் சளியையும் டப்பா டப்பாவா திறந்து பாக்கறவ நான். எனக்கே குமட்டுதுன்னா பாத்துக்கோ. உங்க மாமா ஹால்ல காலே வைக்கறதில்ல. நேத்து ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரரு, "சார், வீட்ல எலி ஏதாவது செத்துக் கிடக்கா"ன்னு கேட்டாராம். சட்டையில வரைக்கும் ஏறியிருக்கு.

– மாமா என்ன சொன்னாரு?

– "எலியெல்லாம் இல்ல சார், என் மச்சான் ஒரு பம்ப் வாங்கிக் குடுத்தான்"னாராம்.

– ...சரி. நீங்க கோவப்படறது நியாயம்தான். ஆனா நேர்மையா சொல்லணும்னா...

– அந்த வார்த்தைய மட்டும் இந்த வீட்ல சொல்லாத! வீடியோ ஆரம்பிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்ப. இப்ப காதுல விழுந்தாலே பத்திக்கிட்டு வருது.

– வாய்ப்பழக்கம்க்கா. சிம்பிளா சொல்றேன். ஒரு டேங்க் போச்சுன்னா உடனே பம்ப் மேல பழியப் போட்டுட முடியாது. மாசம் ஒரு தடவை கழட்டி வினிகர்ல ஊறப் போட்டியா?

– போட்டேன்.

– மாசா மாசமா?

– காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன், போய்ப் பாரு. என் கல்யாண நாளக்கூட மறந்திருக்கேன், வினிகர் நாள மறந்ததில்ல.

– தீனி ஏதாவது ஜாஸ்தியாப் போட்டு...

– போடல.

– உப்பு அளவு?

– அளந்தேன். சூடும் அளந்தேன். அளக்கறதுதாண்டா என் தொழில். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. முதல்ல நத்தை செத்துச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, பதினாலும் ஒரே நாள்ல கண்ணாடிய விட்டுட்டுப் பொத்துப் பொத்துன்னு கீழ விழுந்துச்சு. மறுநாள் பவளம் எல்லாம் சுருங்குச்சு. அதுக்கப்புறம்தான் பம்ப் நின்னுச்சு. வரிசையக் கவனிச்சியா? பம்ப் நிக்கறதுக்கு முன்னாடியே சாவு ஆரம்பிச்சிருச்சு.

– அ... அப்படியா?

– அப்படித்தான். அய்ய, அங்க பாரு, கல்லுக்கு அடியில. புழு. விரல் நீளத்துக்கு இருக்கு. ஒம்பது வருஷமா அது இருந்ததே எனக்குத் தெரியாது. பொணம் விழுந்ததும் விருந்துக்கு வந்திருக்கு. கருமம்.

– அதைத் தொடாதக்கா, அது உடம்பெல்லாம் முள்ளு, குத்தும். நான் இடுக்கியால எடுக்கறேன்.

– எடுத்துட்டு இங்க வா. இந்தா, நீ குடுத்த பம்ப். இதைக் கழட்டு.

– நின்னு போனதக் கழட்டி என்னக்கா பண்ணப் போறோம்? தூக்கிப் போட்டுட்டு...

– கழட்டு. உள்ள சுத்துமே உருளை, அதை வெளிய எடு.

– வரமாட்டேங்குது.

– வராது. நானும் இழுத்துப் பாத்துட்டேன். இந்தா குறடு. பிடிச்சு இழு. நல்லா இழு, டைட்டில் வைக்கும்போது மட்டும் "அதிரடி"ன்னு வைக்கத் தெரியுதில்ல?

– இரு இரு... வந்துருச்சு. ...சே!

– என்ன தெரியுது?

– துரு.

– காதுல விழல.

– துருக்கா. உள்ள இருக்கற காந்தம் வீங்கி வெடிச்சிருக்கு. மேல் பூச்சு மெல்லிசு போல. கீறல் விட்டு, உப்புத்தண்ணி உள்ள போயி... இப்படிக் குழம்பா வந்திருக்கு.

– அந்தக் குழம்பத்தான் என் மீனும் பவளமும் மூணு வாரமோ நாலு வாரமோ குடிச்சிருக்கு. வெளியில பாத்தா பம்ப் ஜம்முனு ஓடிட்டு இருந்துச்சு. நீல லைட்டு வேற கண்ணடிச்சுக்கிட்டு. உள்ள விஷம் கக்கிட்டு இருந்திருக்கு, சனியன்.

– கம்பெனிக்குப் போன் பண்ணினியா? ஒரு வருஷ வாரண்டி இருக்கே.

– பண்ணினேனே. முதல்ல பாட்டுப் போட்டாங்க. அப்புறம் ஒரு பொண்ணு வந்து, "பம்ப் ஓடாததை வீடியோ எடுத்து அனுப்புங்க மேடம்"னுச்சு. ஓடாததை எப்படிம்மா வீடியோ எடுக்கறது, அது பாட்டுக்குச் சும்மா நிக்குதேன்னேன். அட்டைப் பெட்டி இருக்கான்னு கேட்டுச்சு. இருக்குன்னேன். கழட்டினீங்களான்னு கேட்டுச்சு. சுத்தம் பண்ணக் கழட்டினேன்னேன். கழட்டினா வாரண்டி கிடையாதாம். கழட்டாம எப்படிச் சுத்தம் பண்றதுன்னா, அதுக்கு யூட்யூப்ல ஒரு சார் விளக்கமா வீடியோ போட்டிருக்காரு, பாத்துக்கோங்கன்னுச்சு.

– எந்த சார்?

– நீதாண்டா அந்த சார்! முழிக்காத. பாத்ரூமுக்குப் போய் அந்தச் சிவப்பு டப்பப் பாத்துட்டு வா.

– பாத்தேன்க்கா, வரும்போதே. ரெண்டு கோமாளி மீன் இருக்கு.

– அதுவும் ஒரு கைப்பிடி அளவு பவளமும். ஒம்பது வருஷத்துல மிச்சம் அவ்வளவுதான். புதுசா உப்புத்தண்ணி கலந்து விட்டிருக்கேன். காத்து மோட்டார் குமிழி விடுது, ஆனா அது போதாது. கடல்ல அலை பண்ற வேலையப் பம்ப் பண்ணணும். ஓட்டம் இல்லன்னா அந்தப் பவளத்து மேலயே அதோட அழுக்கு படிஞ்சு, அதுவும் இதே மாதிரி சளியாயிடும். காலையில இருந்தே ஓரம் லேசா வெளுக்குது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பம்ப் மாட்டியாகணும். எதை வாங்கறது? அதைச் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன்.

– என்னையாக்கா கேக்கற? இதுக்கப்புறமும்?

– வேற யாரைக் கேக்கறது? கடைக்காரன் எது ரொம்ப நாளா தூசி படிஞ்சு கிடக்கோ அதைத்தான் எடுத்து நீட்டுவான். உன் மூஞ்சியப் பாக்கவே எனக்கு இப்ப பிடிக்கல. ஆனா இந்த விஷயம் உனக்குத் தெரியும். அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

– எவ்வளவுக்குள்ள பாக்கற?

– பெரிய பணக்காரங்க வாங்கறது வேணாம். மலிவா வாங்கிட்டு மறுபடியும் இந்தச் சளிய வழிக்கவும் என்னால முடியாது. நடுவுல சொல்லு. உழைக்கணும்.

– அப்ப முதல் விஷயம், பெரிசா ஒண்ணு வாங்காத. நடுத்தரமா ரெண்டு வாங்கு. எதிரெதிர் பக்கம் ஒட்டு. ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு ரெண்டு நாள் காப்பாத்தும். ரெண்டையும் ஒரே ப்ளக் பாயிண்ட்ல சொருகாத.

– இதோட பெட்டியில மணிக்குப் பன்னெண்டாயிரம் லிட்டர்னு போட்டிருந்துச்சே.

– பெட்டியில போடறதையெல்லாம் நம்பக் கூடாதுக்கா. எவனும் அளக்கறதில்ல.

– "பன்னெண்டாயிரம் லிட்டர் நண்பர்களே, அசந்து போயிட்டேன்"னியே. அதை எப்படி அளந்த?

– ...பெட்டியப் பாத்துப் படிச்சேன்.

– தூ. சரி, மேல சொல்லு.

– கடைக்குப் போனதும், உருளை தனியாக் கிடைக்குமான்னு கேளு. கிடைக்கும்னு வாயால சொன்னா போதாது, எடுத்துக் காட்டச் சொல்லு. உதிரி பாகம் கடையில கையிருப்பு இருந்தா, அந்தப் பம்ப்ப அஞ்சாறு வருஷம் ஓட்டலாம். இல்லன்னா அது தூக்கிப் போடறதுக்குன்னே செஞ்சது. விலைய விட முக்கியம் இதுதான். பம்ப் கொஞ்சம் கூடுதலாயிருந்தாலும் உருளை மட்டும் மாத்தி மாத்தி ஓட்டினா கடைசியில அதுதான் மலிவு.

– ம்.

– ஸ்க்ரூடிரைவர் இல்லாம, வெறுங்கையால கழட்ட வரணும். கழட்டக் கஷ்டமா இருந்தா யாரும் சுத்தம் பண்ணமாட்டாங்க, உன்னைத் தவிர. அப்புறம், கரண்ட் போய் வந்தா தானா ஓடணும். கடையிலயே தண்ணித் தொட்டியில போட்டு, ப்ளக்கப் பிடுங்கிப் பிடுங்கிப் பத்து தடவை சொருகிப் பாரு. சில பம்ப் நாலாவது தடவையே உறுமிட்டு நின்னுடும். கடைக்காரன் முறைப்பான். முறைச்சுட்டுப் போறான்.

– ரிமோட்டு, கலர் லைட்டு, போன்லயே ஓட்டறது, அதெல்லாம்?

– மீனுக்கு எதுக்குக்கா ரிமோட்டு? உருளைக்கு நல்ல பூச்சாப் போட்டிருக்க வேண்டிய செலவ அந்த லைட்டுல போட்டிருப்பாங்க.

– அடப்பாவி, இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டு அந்த ரிமோட்ட முத்தம் குடுக்காத குறையா தூக்கிப் பிடிச்சியேடா! கேமரா இல்லன்னா எவ்வளவு நல்லாப் பேசற. அதைத் தூக்கி முன்னாடி வச்சதும் புத்தி எங்க போகுது?

– எல்லாத்தையும் என் தலையிலயே கட்டாதக்கா. "எங்க வீட்ல ஆறு மாசமா ஓடுது, ஒரு குறையும் இல்ல"ன்னு சொன்னது யாரு? அன்னிக்கு இந்தப் பம்ப்ப மாட்டிப் பத்தே நாள்.

– நீ சொல்லச் சொன்ன.

– சொல்லச் சொன்னேன். சொன்னது நீ. வெள்ளைக் கோட்டப் போட்டுக்கிட்டு வந்து நின்னதும் நீதான். லேப்ல வேலை பாக்கறவங்க சொன்னா நம்புவாங்கன்னு.

– ஆமாடா. சொன்னேன்.

– விடு. நான் அதை இழுத்திருக்கக் கூடாது.

– இழுக்கணும், நல்லா இழு. இந்த நாத்தத்தை விட அதை நினைச்சாத்தான் எனக்குக் குமட்டுது. ஒரு ரிப்போர்ட்ல ஒரு புள்ளி தள்ளிப் போட்டுட்டா ரெண்டு நாள் சோறு இறங்காது எனக்கு. அங்க பல்லக் காட்டிக்கிட்டே பத்து நாள ஆறு மாசம்னு சொன்னேன். ஏன்? என் தம்பி. அவன் வீடியோவுக்குக் காசு குடுக்க வந்த முதல் கம்பெனி. அம்மா வேற போன்ல, "புள்ளைக்கு இப்பதான் நல்ல காலம் பொறந்திருக்கு, கெடுத்துடாதடி"ன்னு அழுதாங்க. நிஜமா ஆறு மாசம் இப்பதான் ஆகுது, பாத்தியா? சரியா ஆறு மாசம் ஓடியிருக்கு. வாய் முகூர்த்தம். அந்த வாத்தியாரு என்ன ஆனாரு?

– எந்த வாத்தியாரு?

– தெரியாத மாதிரி நடிக்காத. வீடியோவுக்குக் கீழ எழுதியிருந்தாரே. "ஐயா, நத்தைகள் இறக்கின்றன, தண்ணீர் மங்குகிறது, என்ன செய்யலாம்"னு. எவ்வளவு மரியாதையா எழுதியிருந்தாரு. அப்ப நான் அதைப் படிச்சுட்டு, பாவம் யாரோ ஒழுங்கா சுத்தம் பண்ணத் தெரியாதவருன்னு நினைச்சேன். நேத்து தேடினா அதைக் காணோம்.

– ...எடுத்துட்டேன்.

– பதில் கூடச் சொல்லாமயா?

– சொன்னேன். "வினிகர்ல ஊறப் போடுங்க சார்"னு. அப்புறம்தான் எடுத்தேன்.

– சீ! வந்ததும் என்கிட்ட ஆரம்பிச்சியே, அதே பாட்டு. ஒண்ணாப் பொறந்தவளுக்கும் அதே பாட்டுதானா?

– அந்த வீடியோவ எடுத்துடறேன்க்கா.

– எப்ப?

– கம்பெனிகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு...

– எந்திரி. எந்திரிச்சுப் போ. நான் கடைக்குக் கிளம்பறேன்.

– கடைக்குப் போக வேணாம்க்கா. அந்தப் பையத் தொற. நான் கொண்டு வந்திருக்கேன்.

– இன்னொரு நீல லைட்டா? எனக்கு வேணாம்.

– தொறந்து பாரேன்.

– ...இது உன்னோட பழசுதானே? கறுப்பா, கரடுமுரடா. உன் ஹால்ல உக்காந்து பேசவே விடாம கொர்ருன்னு கத்திக்கிட்டே இருக்குமே.

– அதேதான். ரெண்டும். ஏழு வருஷம் ஓடினது. உருளை ஒரே ஒரு தடவை மாத்தினேன். நான் இப்ப சொன்னதெல்லாம் இந்தப் பம்ப்பப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். எவனும் எனக்கு இதைச் சும்மா குடுக்கல, காசு குடுத்து வாங்கினேன்.

– இதைப் பத்தி ஒரு வீடியோ கூடப் போட்டதில்லையேடா நீ.

– போட்டா யாரு பாப்பா? இது மூஞ்சியப் பாரு.

– உன் மூஞ்சிக்கு இது எவ்வளவோ தேவலாம். ...உருளை நல்லா வழுக்கிட்டுச் சுத்துது. விரலால தொட்டாப் போதும். துருவும் இல்ல.

– டப்புக்கு இப்ப ஒண்ணு போதும். பவளத்து மேல நேரா அடிக்காம, சுவத்தப் பாத்து அடிக்கற மாதிரி திருப்பி வை. தண்ணி சுத்தி வந்து மெதுவாத் தொடட்டும். டேங்க்கக் கழுவி முடிச்சதும் ரெண்டையும் இங்க மாட்டிக்கலாம்.

– ம். ...கைய அலம்பிக்கிட்டு உக்காரு. டீ போடறேன்.

– வேணாம்க்கா. இந்த நாத்தத்துல எனக்கு இறங்காது.

– என் வாயில என்னென்னமோ வந்துருச்சு. ஆத்திரம்டா. நாலு நாளா ஒண்ணொண்ணா அள்ளிப் போடறேன். நீயாவது கேட்டதும் ஓடி வந்த. இருந்ததைக் கழட்டிக் குடுக்கற. அந்த வாத்தியாருக்கும் ஒரு போன் போட்டு... இரு.

– என்ன?

– இது ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?

– எது?

– இது மேல ஓடு மாதிரி படிஞ்சிருக்கற பாசி. டேங்க்ல கிடக்கற எல்லாத்து மேலயும் இது படியும், என் கண்ணாடியிலயும்தான் இருக்கு. தண்ணிக்குள்ள இருந்தா ரோஸ் கலர்ல இருக்கும். இன்னிக்குக் காலையில கழட்டியிருந்தா இன்னும் ரோஸாத்தான் இருக்கணும். இது சுண்ணாம்பு மாதிரி இருக்கு. நகத்தால கீறினா உதிருது, பாரு. இது தண்ணியப் பாத்து மாசக்கணக்குல ஆச்சு.

– ...பீரோல வச்சிருந்தேன்.

– எதுக்கு?

– என் டேங்க்லயும் புதுசு ஓடற மாதிரிக் காட்டணும்னு கம்பெனியில சொன்னாங்க. உனக்கு மாட்டின அதே வாரம் நானும் மாட்டினேன்.

– அடேய்! அப்ப உன் டேங்க்ல இப்ப ஓடறதும் இந்தத் துருப்பிடிச்ச சனியன்தானா? இங்க எதுக்கு உக்காந்திருக்க? ஓடு, முதல்ல போய் அதைப் பிடுங்கு! இந்தா, இந்த ரெண்டையும் எடுத்துட்டுப் போ. எனக்கு நான் கடையில வாங்கிக்கறேன். உன்னோடதாவது பொழைக்கட்டும்.

– வேணாம்க்கா, நீயே வச்சுக்கோ.

– பிடிடா! என் டேங்க்க விட ரெண்டு மடங்கு பெரிசு உன்னோடது, எத்தனை உசுரு இருக்கு அதுல...

– ஒண்ணும் இல்லக்கா. போன மாசமே போயிருச்சு.

– என்ன போயிருச்சு?

– எல்லாம். முதல்ல நத்தை. மறுநாள் பவளம். நீ சொன்ன அதே வரிசை.

– போன மாசமா? போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை விடாம இங்க வந்தியேடா. அந்த ஸ்டூலப் போட்டுக்கிட்டு மணிக்கணக்கா இந்த டேங்க்கையே பாத்துட்டு உக்காந்திருந்த. தம்பிக்கு இப்பதான் அக்கா வீட்டு நெனப்பு வந்திருக்குன்னு உங்க மாமாகிட்ட பெருமை அடிச்சுக்கிட்டேன். அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எல்லாத்தையும் காப்பாத்தியிருக்கலாமேடா!

– எனக்கு நிச்சயமாத் தெரியலக்கா. அந்த மாசம் நான் உப்பையும் மாத்தியிருந்தேன். உப்பா, பம்ப்பான்னு குழப்பம். கழட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். கழட்டப் பயம். ரெண்டு பேரும் ஒரே வாரம்தான் மாட்டினோம், உன்னோடது நல்லா ஓடுச்சுன்னா தப்பு உப்புலதான்னு முடிவு பண்ணிடலாம்னு...

– அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்தியா?

– ஆமாக்கா. நான் நிஜமா டெஸ்ட் பண்ணின ஒரே பம்ப் உன்னோடதுதான்.